குழிவாய்

பெட்டி மூடியில் இரண்டாவது ஆணி இறங்கும்போதுதான் தம்பி வாயைத் திறந்தான்.

"அக்கா, புது ரோடு வழியாவே வண்டியில கொண்டு போயிடலாம். நாளைக்குத்தான் திறப்பு விழா. ஆனா நமக்காக இன்னைக்கே விடுறாங்களாம். எஞ்சினியர்கிட்ட பேசிட்டேன்."

அவள் சுத்தியலைக் கீழே வைத்தாள். அந்தச் சாலையில் ரோலர் ஓட்டுகிறவன் அவன். அவன் சட்டையின் தார் நாற்றம், பிணம் கிடந்த அறை முழுக்க அப்பிக்கொண்டிருந்தது.

"அப்பா கேட்டது மறந்து போச்சா?"

மறக்கிற விஷயமா அது? இருமலுக்கும் இருமலுக்கும் நடுவே அப்பா கேட்டது அது ஒன்றுதான். 'தம்பி மேல ஏத்தி என்னைக் கொண்டு போயிடாதீங்க.' அவர் சொன்னது சித்தப்பாவை. நிலக்கரிச் சுரங்கத்தில் தீப்பிடித்தபோது, காற்றுப் போகாமல் இருந்தால் தீ அணையும் என்று குழிவாயை அடைத்தார்கள். சித்தப்பா உள்ளே இருந்தார். பிறகு யாரும் திறக்கவில்லை. இப்போது அதன்மேல் ஜல்லி கொட்டி, தார் ஊற்றி, 'ஊருக்குப் புது வாழ்வு' என்று பலகை நட்டாயிற்று. பலகையில் ஒரு சுரங்கத் தொழிலாளி சிரிக்கிறான். முகத்தில் பொட்டுக் கரி இல்லை.

வாசலில் எஞ்சினியர் மலர்வளையத்தோடு வந்து நின்றார். வளையத்தில் கம்பெனி பெயர்தான் பெரிதாக இருந்தது. கூட வந்த கேமராக்காரன் சுவரில் சாய்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தான்.

"வண்டி கொஞ்சம் மெதுவா வந்தா போதும்மா. வளைவுல ஒரு படம் எடுத்துக்குவோம்."

அவள் மலர்வளையத்தை வாங்கிக்கொண்டாள்.

"வரும்," என்றாள்.

அவர்கள் போனதும் தம்பி பக்கம் திரும்பினாள். "திரையை இழுத்து விட்டுட்டு வெறும் வண்டியை ஓட்டிட்டுப் போ. அவனுங்களுக்குப் படம் கிடைச்சிடும். உனக்கு வேலையும் இருக்கும்."

தம்பி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு போனான்.

பின்வாசலில் அப்பாவோடு சுரங்கத்தில் இருந்த நான்கு கிழவர்கள் நின்றார்கள்.

"மண்மேட்டு வழியா தூக்க முடியுமா மாமா?"

"எங்க நாலு பேரு நுரையீரலையும் சேர்த்தா ஒரு ஆளுக்குத்தான் காணும்," என்றார் 'வெடி' மாமா. சுரங்கத்தில் வெடி வைத்தவர். "நல்லவேளை, உங்கப்பனும் எளைச்சுட்டான். தூக்கு!"

சுரங்கக் கழிவைக் கொட்டிக் கொட்டி வளர்ந்த மேடு. மழையில் கறுப்புச் சகதி கணுக்கால் வரை ஏறியது. செருப்பு புதுசு என்று சொந்தக்காரர்கள் பாதியில் கழன்றுகொண்டார்கள்.

உச்சியில் பெட்டியை இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். கீழே, பளபளக்கும் சாலையில் வண்டி ஊர்ந்தது. இருபுறமும் அதிகாரிகள் தலைகுனிந்து நின்றார்கள்.

"வெறும் வண்டிக்குத் தொப்பியெல்லாம் கழட்டுறானுங்க பாரும்மா," என்றார் வெடி மாமா.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் இருமல் வரும்.

குழிவாய் இருந்த வளைவில் கேமராக்காரன் குந்தியிருந்தான். வண்டி அங்கே வந்ததும் சட்டென்று திரும்பி, சாலையை விட்டு ஓரச் சகதியில் இறங்கியது. வண்டியின் முன்னால் கட்டியிருந்த மலர்வளையம் சரிந்து விழுந்தது. அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு வண்டி மறுபடி மேலே ஏறியது. புதுத் தாரின் மேல் நீளமாக இரண்டு சேற்றுக் கோடுகள். எஞ்சினியர் கையை வீசிக் கத்துவது மட்டும் தெரிந்தது. சத்தம் இங்கே எட்டவில்லை.

இடுகாட்டு வாசலில் தம்பி நின்றிருந்தான். பெட்டி வந்ததும் வெடி மாமா விலகித் தோளுக்கு இடம் விட்டார்.

தம்பி கைகளைச் சட்டையில் துடைத்தான். தார் போகவில்லை. மறுபடி துடைத்தான்.