புண்ணாக்குக்கு வந்த வாழ்வு

இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்காருங்கள், கண்ணுகளா. வயிறெரிந்த ஒருத்தியின் கதை சொல்கிறேன். கேட்டால் உங்கள் மனசு லேசாகும்.

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் இரண்டு பேர். வேலையும் ஒரே ஆய்வுக்கூடத்தில்தான். மாட்டின் தசையிலிருந்து எடுத்த செல்களை இறைச்சிக்காகக் குடுவையில் வளர்ப்பார்கள். கன்றின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தைக் குடித்தே பழகிய செல்கள் அவை. அதற்கு மாற்றுத் தீனி தேடச் சொல்லியிருந்தார் ஆய்வுக்கூடத் தலைவி. மூத்தவள் பாசிச்சாற்றைப் பிடித்துக்கொண்டாள். இளையவள் சோயாப் புண்ணாக்கைக் கரைத்து வடித்தாள். எது முதலில் தேறுகிறதோ, அதற்குத்தான் செல்களை மொத்தமாக வளர்க்கும் பெரிய கலன்.

"மாட்டுக்குப் புண்ணாக்கு வைக்கிறதைப் பாத்திருக்கேன். மாட்டோட செல்லுக்கு வைக்கிறதை இப்பதான்டி பாக்குறேன்" என்றாள் மூத்தவள்.

"தாய் தின்னதைத்தானே அக்கா பிள்ளையும் கேக்கும்!"

கேலி செய்தவள் கண்ணெதிரிலேயே, புண்ணாக்கு குடித்த செல்கள் குடுவையின் அடியில் பாய் விரித்தாற்போலப் படர்ந்தன. வீட்டில் மாமியார் வேறு, "சின்னவ கைராசியே தனி" என்று எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினார்.

சீரத்தைச் சிறுகச் சிறுகக் குறைத்துத்தான் புதுத் தீனியைக் கூட்ட வேண்டும். பிள்ளைக்குப் பால் மறக்கடிப்பது போல. இரண்டு பிள்ளை பெற்ற மூத்தவளுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் பொறாமை பிடித்த கை நிதானம் பார்க்குமா? சீரத்தை ஒரேயடியாக நிறுத்திவிட்டு வெறும் பாசிச்சாற்றை ஊற்றினாள்.

மறுநாள் பார்த்தால், செல்களெல்லாம் உருண்டு சுருங்கி, செத்து மிதந்தன.

"பாசி தேறாது. கொட்டிடுங்க" என்றார் தலைவி.

வாயைத் திறக்காவிட்டால் மூத்தவளின் மானம் தப்பும், பாசி போய்விடும். பக்கத்திலேயே இளையவள் வேறு நிற்கிறாள்.

"பாசி மேல தப்பில்ல மேடம். சீரத்தை நான்தான் படக்குனு நிறுத்திட்டேன். இவளை முந்தணும்னு."

இளையவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "உங்க மகனுக்குப் பால் மறக்கடிக்க வீட்டையே ரெண்டாக்கினீங்களே அக்கா! இதுங்க பாவம், வாயில்லா ஜீவன்."

"போதும்டி, பல்லைக் காட்டாதே."

பெரிய கலன் புண்ணாக்குக்கே போனது. பாசிக்கு இன்னொரு தவணை கிடைத்தது. சீரத்தை மறந்துவிட்ட தன் செல்களில் ஒரு குடுவையை இளையவள் நீட்டினாள். மூத்தவளுக்குக் கை கூசியது. ஆனாலும் வாங்கிக்கொண்டாள். இந்தத் தடவை பாசிச்சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டினாள். செல்கள் ஒட்டிக்கொண்டன, பெருகின. அடுத்த அறையில் பெரிய கலன் சுழலும் சத்தம் கேட்கும்போதெல்லாம் உள்ளுக்குள் சுருக்கென்றது. ஆனால் அளவு மட்டும் தப்பவில்லை.

உங்கள் வீட்டு உலை ஓயாமல் பொங்கட்டும், கண்ணுகளா. ஒருவரையொருவர் சீண்டிச் சிரிக்க அங்கே ஆள் குறையாதிருக்கட்டும்.