மூன்றாவது தூண்டில்

என் அக்கா நஜ்லா படகில் ஏறுவதற்கு முன்னால் அதன் பக்கவாட்டில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தாள். கட்டிலோ பீரோவோ, எதை வாங்கினாலும் அவள் முதலில் செய்கிற காரியம் அது. அலுமினியம் டண்டண் என்றது.

“ஓட்டை கீட்டை இல்லையே?”

“ஒண்ணு இருந்துச்சு. நீங்க வர்றீங்கன்னு நேத்துதான் அடைச்சேன்,” என்றாள் லொரெட்டா. பின்பக்கம் மோட்டாரின் மேல் ஒரு கையைப் போட்டபடி, சிரிக்காமல்தான் சொன்னாள்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆள் பரவாயில்லை என்று அர்த்தம். எழுபத்தொரு வயதில், ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைக்கு மேல் கைப்பையையும் அணைத்துக்கொண்டு அவள் அந்தப் படகின் நடுப்பலகையில் உட்கார்ந்திருந்ததற்கு நான்தான் காரணம். மே மாதம் வின்னிபெக்கிலிருந்து இந்த ஏரிக்கரை விடுதிக்குப் போன் செய்து வழக்கமான ஜூன் நாளைப் பதிவு செய்தேன். “லொரெட்டாவுக்கு இதுதான் கடைசிக் கோடை. செப்டம்பரில் தண்டர் பே நகரில் மகளோடு போய் இருக்கப் போகிறாள்” என்றார் விடுதிக்காரர். போனை வைத்துவிட்டு, எங்கள் கம்பளக் கடையில் நின்ற ஒரு வாடிக்கையாளருக்கு அவர் கேட்காமலே ஒரு கம்பளத்தின் விலையைக் குறைத்துக் கொடுத்தேன். அதை அக்கா பார்த்துவிட்டாள். “யாருடா அவ?” என்று மட்டும் கேட்டாள்.

ஏழு வருஷமாக வருகிறேன். முதல் தடவை, மனைவி இறந்து மூன்று வருஷம் கழித்து, வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் யாரோ சொல்லி வந்தேன். மீன் பிடிக்கத் தெரியாது. வழிகாட்டியாக வந்தவள் லொரெட்டா. அவள் புருஷன் ஆல்பர்ட்டாவுக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பத்தை வைத்துக்கொண்டவர். அதை அவள் ஒரு மீன் முள்ளைத் துப்புவது போல ஒரே தடவை சொன்னாள், அப்புறம் அந்தப் பேச்சில்லை. இரண்டாம் வருஷம், நான் மீனுக்காக வரவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அது அவளுக்குத் தெரிந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

அது எங்கள் அப்பா கொடுத்த பயிற்சி. பிடித்த பொருளைத் தொடக்கூடாது. அதற்குப் பக்கத்தில் இருப்பதைத் தடவு, அதில் குறை சொல், போகிற போக்கில் இதையும் விசாரி. யார் வாய் முதலில் திறக்கிறதோ அவர் கை தாழ்ந்தது. இந்தப் பயிற்சியோடு நான் ஏழு ஜூன் மாதங்கள் ஒரு பதினாறடிப் படகில் எட்டெட்டு மணி நேரம் உட்கார்ந்து மேகத்தை விசாரித்தேன், மோட்டாரை விசாரித்தேன், கரையிலிருந்த ஸ்ப்ரூஸ் மரங்களைக்கூட ஒரு தடவை மெச்சினேன். அவளை ஒன்றும் கேட்கவில்லை.

காற்று மேற்கிலிருந்து மெல்ல அடித்து, தண்ணீரில் முழங்கை உயரம்கூட இல்லாத அலை. பிக்கரல் மீனுக்கு அந்த அலை பிடிக்கும். அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் வால்ஐ என்பார்கள். கண்ணில் கண்ணாடி பதித்தது போல இருக்கும், வெளிச்சம் ஆகாது, ஆழத்தில் பாறை சரிகிற இடமாகப் பார்த்துக் கிடக்கும். லொரெட்டா இரண்டு தீவுகளுக்கு நடுவே மோட்டாரை அணைத்தாள். அக்காவின் கொக்கியில் ஈயக் குண்டுக்குக் கீழே ஒரு பொடிமீனைக் கோத்துக் கொடுத்தாள்.

“அடியில தட்டுற வரைக்கும் விடுங்க. அப்புறம் ஒரு சாண் தூக்குங்க. இறக்குங்க. கதவைத் தட்டுற மாதிரி.”

“திறந்தா?”

“இழுங்க.”

அக்கா தட்டினாள். தட்டிக்கொண்டே சுற்றிலும் பார்த்தாள். லொரெட்டாவின் பலகைக்கு அடியில், ஓரமாக, பிடியில் தோல் சுற்றிய ஒரு தூண்டில் கிடந்தது. ஏழு வருஷமாக நானும் அதைப் பார்த்திருக்கிறேன். உபரி என்று நினைத்திருந்தேன்.

“அது யாரோடது?”

“என்னோடது.”

“பின்ன ஏம்மா சும்மா உக்காந்திருக்கே? நீயும் போடேன்.”

லொரெட்டா குனிந்து அதை எடுத்தாள். சுருளைத் திருகிப் பார்த்தாள்.

“வந்தவங்க கேக்காம வழிகாட்டிங்க தூண்டில் போடக்கூடாது. அது இங்க வழக்கம்,” என்றாள். “இந்தப் படகுல இன்னைக்குத்தான் ஒருத்தர் கேட்டிருக்காங்க.”

அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். பணமில்லை என்று வங்கியிலிருந்து திரும்பி வந்த காசோலையைப் பார்க்கிற அதே பார்வை.

“மீன் பிடிச்சுப் பிடிச்சு அவங்களுக்கு அலுத்துப்போயிருக்கும்னு நினைச்சேன்,” என்றேன். “நம்ம வீட்டுல ஒரு கம்பளமாவது விரிச்சிருக்கோமா?”

“உன் வீட்டுல விரிக்கல. உன்னை யாராவது கேட்டா விரிக்க மாட்டேன்னா சொல்லுவே? கழுதை.”

“விடுங்கக்கா,” என்றாள் லொரெட்டா. “கம்பளக்காரர் மேகம் பாக்க வர்றவர்.”

அவள் அதைக் கவனித்திருக்கிறாள். என் காது சுட்டது. அதற்குள் அவள் தூண்டில் ஓசையில்லாமல் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. ஏழு வருஷம் நான் பார்த்தது மோட்டார் ஓட்டுகிற, கொக்கி கோக்கிற, என் மீனை வலையில் வாங்குகிற லொரெட்டாவை. இது வேறு ஆள். தோள்கள் இறங்கிவிட்டன. கண் பாதி மூடியிருந்தது. மணிக்கட்டு மட்டும் தனியாக யாரோடோ பேசிக்கொண்டிருந்தது. பத்து நிமிஷத்தில் இரண்டு பிக்கரல் ஏற்றினாள். அக்கா ஒன்று. நான் ஒரு பாறையைப் பிடித்தேன்.

மதியம் ஒரு தீவின் சரிவுப் பாறையில் தீ மூட்டினாள். மீனைச் சதையாக அறுத்து, மாவில் புரட்டி, எண்ணெய் காய்கிற இரும்புச் சட்டியில் போட்டாள். நான் உருளைக்கிழங்கு நறுக்கினேன். அக்கா சற்றுத் தள்ளி ஒரு மரத்தடியில், தூங்குகிறவள் மாதிரி கண்மேல் தொப்பியைப் போட்டுக்கொண்டு படுத்தாள். அவள் தூங்கினால் வாய் திறந்திருக்கும், அன்றைக்கு மூடியிருந்தது. ஆனாலும் இதைவிட்டால் நேரமில்லை. குளிர்காலம் முழுக்கத் தயார் செய்து வைத்திருந்த பேச்சு ஒன்று இருந்தது. வாயைத் திறந்தேன்.

“என் வீட்டு மாடி காலியாத்தான் கிடக்கு.”

“ம்.”

“நல்ல வெளிச்சம். தெக்கே பார்த்த ஜன்னல்.”

லொரெட்டா மீனைத் திருப்பிப் போட்டாள். “வாடகைக்கு விடப் போறீங்களா?”

“இல்ல... வின்னிபெக்ல ரெண்டு ஆறு இருக்கு.”

“தெரியும்.”

கிழங்கு வெந்தது. தொப்பிக்கு அடியிலிருந்து அக்கா சத்தமாகப் பெருமூச்சு விட்டாள்.

சாப்பிட்டு முடித்து லொரெட்டா சட்டியை மணல் போட்டுத் தேய்க்கத் தண்ணீரோரம் போனபோது, அக்கா என் கையைப் பிடித்து மரத்துக்குப் பின்னால் இழுத்தாள்.

“மாடி, ஜன்னல், ஆறு. பொண்ணு கேக்குறியா, வீடு விக்கிறியா?”

“ஆரம்பிக்கணுமில்ல.”

“அவ அந்தத் தூண்டிலை எடுத்தப்ப மூஞ்சியப் பாத்தியா?”

“பாத்தேன்.”

“அதை வின்னிபெக்குக்குக் கொண்டுபோய் மாடியில வைப்பியா? பிடிச்சதெல்லாம் நம்ம கடைக்குத் தூக்கிட்டு வந்துடணும் உனக்கு. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்.” கையை விட்டாள். “யோசி. சீக்கிரம் யோசி, எனக்குக் கொசு கடிக்குது.”

பிற்பகலில் நாணல் அடர்ந்த ஒரு விரிகுடாவுக்குள் போனோம், ஜாக்மீனுக்கு. மீன்பிடி உரிமப் படிவத்தில் அதற்கு வேறு நீளமான பெயர் இருக்கும், இங்கே யாரும் சொல்வதில்லை. முதலை வாய், அதில் ஊசி ஊசியாகப் பல். தூண்டில் நரம்பை அறுத்துவிடும் என்று கொக்கிக்கு மேலே கம்பி கட்ட வேண்டும். நாணலோரமாகப் படகை ஒருவர் நகர்த்திக்கொண்டே இருந்தால்தான் முன்னால் நிற்கிறவர் வீச முடியும்.

“நீ முன்னால போம்மா,” என்றாள் அக்கா. “இவன் ஓட்டட்டும்.”

“அவருக்குத் தெரியாதே.”

“தெரியாதுன்னு இன்னைக்காவது ஒத்துக்கட்டும்.”

லொரெட்டா என்னைப் பார்த்தாள். நான் எழுந்தேன். படகு ஆட, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு இடம் மாறினோம். “கைப்பிடியை இடது பக்கம் தள்ளினா வலது பக்கம் திரும்பும்,” என்றாள் என் முகத்துக்கு நேரே. புகையும் எலுமிச்சையும் கலந்த வாசனை. பிறகு முன்னால் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று வீச ஆரம்பித்தாள். நடுவில் அக்கா கைப்பையைத் திறந்து எதையோ மும்முரமாகத் தேடினாள்.

முகம் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

“லொரெட்டா. தண்டர் பேக்குப் போகாதீங்க.”

அவள் வீசினாள். மீனை ஈர்க்கக் கொக்கியோடு கட்டிய மினுங்கும் தகடு தூரத்தில் விழுந்தது. சுருட்டினாள்.

“வின்னிபெக்குக்கும் வர வேணாம். நான் இங்க வர்றேன். உங்களைக் கட்டிக்கணும்னு கேக்குறேன். ஏழு வருஷத்துக்கு முன்னாடியே கேட்டிருக்கணும்.”

சுருளின் சத்தம் நின்றது.

“குளிர்காலத்துலயுமா?”

“குளிர்காலத்துலயும்தான்.”

“ஜனவரில மைனஸ் நாப்பது.”

“வின்னிபெக்குக்காரன்கிட்ட குளிரைக் காட்டி மிரட்டாதீங்க.”

அவள் முதுகு குலுங்கியது. சிரிப்பா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. “உங்க கடை?”

“கடையை நான் பாத்துப்பேன்,” என்றாள் அக்கா, கைப்பைக்குள் தலையை விட்டபடியே. “இவன் இருந்தா விலையைக் குறைச்சுக் குடுத்துடறான்.”

“பாதிச் சாமானைப் பெட்டியில போட்டுட்டேன்,” என்றாள் லொரெட்டா, தண்ணீரைப் பார்த்து. “மகளும் அறையைக் காலி பண்ணி வச்சிருக்கா. பேரப்பிள்ளைங்க நாளை எண்ணிட்டிருக்குதுங்க.” மறுபடி வீசினாள். “ஏழு வருஷம் பேசாம இருந்துட்டு, பெட்டி கட்டினதும் வர்றாரு மனுஷன்.”

“ஆமா,” என்றேன்.

“நான் சொல்றதைக் கேட்டு நடப்பீங்களா?”

பதில் சொல்வதற்குள் நாணலோரத்தில் தண்ணீர் வெடித்தது. தூண்டில் பாதி வட்டமாக வளைந்தது. லொரெட்டாவின் ஒரு கால் பலகையின் விளிம்பில் ஏறியது. அக்கா கைப்பையைக் கீழே போட்டாள். ஏதோ ஒரு கட்டைதான் அங்கே புரண்டிருக்க வேண்டும் என்கிற அளவுக்குப் பச்சை முதுகு ஒன்று தெரிந்து மறைந்தது.

“பின்னால எடுங்க! பின்னால!”

எடுத்தேன்.

“நாணலுக்குள்ள ஓடுது, வெளிய இழுங்க படகை... இடது! அந்த இடது இல்ல!”

கைப்பிடியை மாற்றித் தள்ளினேன். படகு தயங்கி, பிறகு திரும்பியது. நரம்பு தண்ணீரைக் கத்தரித்துக்கொண்டு எங்களைச் சுற்றி வந்தது. அதன் பின்னாலேயே நானும் சுற்றினேன். அக்கா இரண்டு கையாலும் வலையைப் பிடித்து, யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் எழுந்து நின்றாள். முன்னால் லொரெட்டா, தூண்டிலின் அடியை வயிற்றில் ஊன்றி, முடி அவிழ்ந்து முகத்தில் ஒட்ட, ஒரு தடவை தோளுக்கு மேலே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“விட்டுடாதீங்க, அப்படியே சுத்துங்க,” என்று கத்தினாள். “இது இப்போதைக்கு வராது!”

கீழே, படகின் நிழலுக்குள், அது நிதானமாக ஒரு முறை புரண்டது. வெள்ளை வயிறு மின்னியது. பிறகு சுருள் கிறீச்சிட, முழம் முழமாக நரம்பை வாங்கிக்கொண்டு மறுபடியும் ஆழத்துக்குப் போனது.