கட்டில் படத்துக்கு முதலிடம்

நேசபாய்க்கு வேறொன்றும் வேண்டாம், ஒரு ராத்திரி முழுசாக உறங்க வேண்டும். நகை கேட்டாளா, பட்டு கேட்டாளா? கர்த்தர் ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார் என்று வேதத்தில் எழுதியிருக்கிறது. அவருக்கென்ன, படுக்கையில் கிடக்கிற புருஷனா இருக்கிறான்? ஓய்ந்திருக்கலாம்.

அவள் புருஷன் ஜெபசீலன் வேதக்கோயில் கூரைக்கு ஓடு மாற்ற ஏறினவன். சாரம் சரிந்து விழுந்து, இடுப்பு ஒடிந்து, கட்டிலோடு கட்டிலாகிவிட்டான். எலும்பு கூடிவிடும், அதுவரை உடம்பு குலுங்கக்கூடாது என்று மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். எலும்புக்கு ஒரு அவசரமும் இல்லை. பகல் முழுக்க நேசபாய் மிஷன் பங்களாவில் லேஸ் பின்னினாள். உருண்டைத் தலையணையில் குண்டூசி குத்தி, நூல்கட்டைகளை அங்கும் இங்கும் மாற்றிப் போட்டுப் போட்டு, பொழுது சாயும்போது கண்ணில் பூச்சி பறக்கும். அந்நேரமெல்லாம் பக்கத்து வீட்டு விக்டோரியா அவனுக்குக் கஞ்சி கொடுத்துவிடுவாள், அவளுக்குப் புண்ணியம். ராத்திரியானால் நேசபாயின் முறை. "ஏட்டி, தண்ணி." எழும்புவாள், படுப்பாள், கண் அசரும். "ஏட்டி, ஒண்ணு திருப்பிக் கிடத்து." மறுபடி அசரும். "ஏட்டி, ஒறங்கிட்டியா?" உறங்குகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது!

இதற்குமேல் சனிக்கிழமைப் பாடு வேறு. நாகர்கோவிலில் கூடாரம் அடித்துப் படம் காட்டினார்கள். பேசாத படம். நாலு வெள்ளைக்காரக் கோமாளிகள் வாரத்துக்கு ஒரு படத்தில் விழுந்து புரண்டார்கள். பொன்னுலிங்கம் என்றொருவர் பிரம்பும் கையுமாகத் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொன்னார். சீமைப் பேர் யார் வாயில் நுழையும்? நாலு பேருக்கும் அவரே ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்: நெட்டையன், கட்டையன், முழியன், மீசைக்காரன். ஜெபசீலனுக்கு அவர்கள் என்றால் உயிர். நடமாடின காலத்தில், சபைக்குத் தெரியாமல் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்து, வயிறு வலிக்கச் சிரித்தவன். கூடாரம் திரும்ப வந்திருக்கிறது என்று கேட்டதும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீயாவது பாத்துட்டு வந்து சொல்லுட்டி."

போனாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து சொன்னாள். கட்டையன் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு யார் கூப்பிட்டாலும் திரும்புகிறான். திரும்பும்போதெல்லாம் மீசைக்காரனின் பிடரியில் ஒரு அடி. ஜெபசீலன் சிரித்தான். அவன் விழுந்த பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. கட்டிலே ஆடியது. அந்தச் சிரிப்புக்காக அவள் அடுத்த சனிக்கிழமையும் போனாள். அதோடு மாட்டிக்கொண்டாள்.

பார்க்காத படங்களுக்கு அவன் தரம் போட ஆரம்பித்தான். கைவிரல்தான் கணக்கு. பெருவிரல் முதல் தரம், சுண்டுவிரல் கடைசி.

"மோட்டார் படம் நடுவிரலு. ஏணிப் படம் ஆள்காட்டி விரலு. அந்தக் கல்யாண விருந்துப் படம் மோதிர விரலுக்கு மேல வரப்படாது, கேட்டியா? தின்னுக பண்டத்தை வாரி எறியதுல என்ன சிரிப்பு இருக்கு? சோறு மிஞ்சின வீட்டுக்காரனுக்குத்தான் அது தமாசு."

"எனக்கு ஏணிப் படந்தான் முதல்ல."

"ஒனக்குத் தரம் போடத் தெரியாது."

பார்த்தவளுக்குத் தெரியாதாம், கிடக்கிறவனுக்குத் தெரியுமாம். அவள் ஒரு கொட்டாவி விட்டாள்.

பெருவிரல் மட்டும் காலியாக இருந்தது. முதல் இடத்துக்குத் தகுந்த படம் இன்னும் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். அப்படியிருக்கையில்தான் ஒரு சனிக்கிழமை அவள் உறங்கிப்போனாள். கூடாரத்துக்குள் நல்ல இருட்டு. வெளியே படத்துக்குக் கரண்டு கொடுக்கிற எஞ்சின் ஒரே சீராக உறுமுகிறது. பெண்கள் பக்கத்து மணலில் உட்கார்ந்தவள் கம்பில் தலையைச் சாய்த்தாள். பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது. விளக்கைப் போட்டு எல்லாரும் எழும்பும்போதுதான் கண்ணைத் திறந்தாள். மறுநாள் போதகர் கூடாரத்துப் படங்களைச் சாத்தானின் கண்ணாடி என்று முழங்கினாராம். அதுவும் அவளுக்குத் தெரியாது. பிரசங்கத்திலும் உறங்கினாள்.

வீட்டுக்கு வந்தால், அவன் காலையிலிருந்தே காத்துக் கிடக்கிறான். என்ன செய்வாள் பாவம்? வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

ஒருவன் கட்டிலில் படுத்து உறங்குகிறான். நாலு பேரும் அவனைக் கட்டிலோடு வேறொரு வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கட்டில் படியில் உருளுகிறது, சந்தைக்குள் புகுந்து வாழைக்குலைகளைச் சரிக்கிறது, பாலம் உடைந்து ஆற்றில் மிதக்கிறது. நெட்டையனுக்குப் பல் போகிறது. முழியனுக்கு வேட்டி போகிறது. கட்டிலில் கிடப்பவன் எழும்பவில்லை. ஒருத்தரும் அவனை எழுப்பவும் இல்லை. குறட்டைவிட்டு உறங்குகிறான்.

வெள்ளைக்காரனுக்கு ஏது வேட்டி என்று ஜெபசீலன் கேட்கவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பெருவிரலு!" என்று கையைத் தூக்கிக் காட்டினான். "இதுதாம்ட்டி படம்!"

கூடாரம் பிரிக்கிற வாரம் வந்தது. அந்தச் சனிக்கிழமை மதியம் நேசபாய் அரை நாள் லேஸ் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், ஜெபசீலன் முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிடக்கிறான். பண்டிகைக்குக்கூட அவன் அந்தச் சட்டையை எடுக்கச் சொன்னதில்லை.

"இன்னைக்குக் கடைசியாம். வந்த படம் எல்லாத்தையும் சேத்துக் காட்டுகானாம். குமாரதாசுகிட்ட வண்டிக்குச் சொல்லியாச்சு. நான் போறேன்."

"டாக்டரு குலுங்கப்பிடாதுன்னு..."

"டாக்டரு கிடக்கட்டு. மத்த நாலும் எனக்கு வேண்டாம். அந்தக் கட்டில் படத்தை ஒரு தடவை கண்ணால பாத்துட்டு வந்துடுகேன். பொறவு எத்தனை நாளு வேணும்னாலும் கிடக்கேன்."

நேசபாய் வாசல் வழியே ரோட்டைப் பார்த்தாள். குண்டும் குழியுமான அந்த ரோட்டில் மாட்டுவண்டி போனால் கூடின எலும்பும் விட்டுப்போகும். இல்லாத ஒரு படத்துக்காகவா? சொன்னால் அந்தச் சிரிப்பு போய்விடும். சொல்லாவிட்டால் இடுப்பு போய்விடும். வெளியே குமாரதாஸ் வண்டியில் வைக்கோல் பரப்புகிற சத்தம் கேட்டது.

"அப்படி ஒரு படம் இல்லை" என்றாள்.

"என்னது?"

"கட்டில் படம்னு ஒண்ணு இல்லை. நான் அன்னைக்கு ஒறங்கிட்டேன். கண்ணைத் தொறந்தா படம் முடிஞ்சாச்சு. நீங்க இஞ்ச காத்துக் கிடந்தீங்க. நான் என்ன செய்ய? கதை கெட்டிச் சொன்னேன்."

அவன் நடுவிரலைப் பிடித்தான். "மோட்டார் படம்?"

"அது பாதி பாத்தேன்."

"அப்பம் நான் சிரிச்சது?"

"நீங்க சிரிச்சது நெசந்தான்."

"இல்லாத படத்துக்குச் சிரிக்க வச்சு என்னைப் பொட்டனாக்கிட்டியேட்டி!" என்று சுவரில் கையால் அடித்தான். அந்த அடிதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது.

"எனக்கு ஒறக்கம் வேணும்! கேட்டீங்களா? படம் வேண்டாம், தமாசு வேண்டாம், எனக்கு ஒறங்கணும். பகல் முழுக்க ஊசி. ராத்திரி முழுக்க நீங்க. சனியாழ்ச்சையும் நடக்கேன். அந்தக் கட்டில்ல கிடந்தவனை ஒருத்தரும் எழுப்பல்லன்னு சொன்னேனே, அது எனக்க ஆசை. எனக்கு வேற என்ன கதை வரும்?"

சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அழக்கூட அலுப்பாக இருந்தது. ஜெபசீலன் அவளையே பார்த்தான். கல்யாணமான புதிதில்கூட அவன் அப்படிப் பார்த்ததில்லை.

குமாரதாஸ் வாசலில் தலையை நீட்டினான். "மைனி, வைக்கோல் போட்டாச்சு. கூடாரத்து வாசல் வரைக்கும் கொண்டு விடுவேன். உள்ள மட்டும் கூப்பிடப்பிடாது. நான் கோயில்ல இராப்போசனம் எடுக்குக ஆளு, போதகருக்குத் தெரிஞ்சா போச்சு."

"வண்டிய அவுத்துடு மக்கா" என்றான் ஜெபசீலன். "எனக்குப் போகாண்டாம்."

குமாரதாஸ் இரண்டு பேரின் முகத்தையும் பார்த்துவிட்டு இறங்கிப் போனான்.

"பாயை விரிச்சுக் கிட" என்றான் அவளிடம்.

"இன்னும் வெயிலு கிடக்கு. கஞ்சி வைக்கணும்."

"விக்டோரியா தருவா. கிடட்டி."

சண்டை போட வலுவில்லாமல் படுத்தாள். தலை பாயில் பட்டது தெரியும். அவ்வளவுதான் தெரியும்.

மணி அடித்தது. கோயில் மணி. வாரிச் சுருட்டி எழும்பினாள். ஜன்னலில் காலை வெயில். ஞாயிற்றுக்கிழமை! விக்டோரியா கொண்டுவந்து வைத்த கஞ்சிச் சட்டி அவளுக்காக மூடியபடி இருந்தது. தண்ணீர்ச் செம்பு அவன் கைக்கு எட்டாத முக்காலியில் நிறைய இருந்தது. ஜெபசீலன் அதே வெள்ளைச் சட்டையோடு, நேற்று கிடந்த அதே பக்கமாகக் கிடந்தான். கண் இரண்டும் சிவந்து, உதடு வெடித்திருந்தது. ஒரு பொட்டு உறங்கியிருக்க மாட்டான்.

"ஏன் என்னை விளிக்கல்ல?" என்று பதறினாள்.

"நல்லா ஒறங்கினியா?"

"ஒறங்கினேன்."

"இனி தண்ணி தா" என்றான்.