நத்தை பொறுக்கும்போது சொன்ன கதை

அப்பாவின் நெஞ்சின் மேல் பரப்பியிருந்த ரோஜாக்களுக்குள்ளிருந்து ஒரு வண்டு வெளியே வந்தது. பூங்காவில் அப்பாவோடு வேலை செய்த நர்சரி அக்கா அழுகையை நிறுத்தாமலே குனிந்து அதை இரண்டு விரலால் எடுத்து, நகத்தால் நசுக்கிக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டாள்.

"காலையில ஒவ்வொரு பூவா உதறித்தான் கட்டினேன் கண்ணு. எப்படியோ ஒண்ணு கூடவே வந்துருச்சு. இதுங்க ரோஜான்னா உயிரை விடும்," என்று பக்கத்தில் நின்ற சின்னவளிடம் சொன்னாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சின்னவள் பரவாயில்லை என்று தலையசைத்தாள். அப்பாவால் முடிந்திருந்தால் இந்நேரம் அவரே எழுந்து உட்கார்ந்து நசுக்கியிருப்பார். நகரப் பூங்காவில் தோட்டக்காரராக இருந்து, ஓய்வு பெற்றபோது மாலை போட்டு வழியனுப்பிய மறுநாளே தினக்கூலிக்கு வந்து நின்ற மனிதர். நேற்று விடிகாலை வேலைக்குக் கிளம்பும்போது சட்டையின் ஒரு கையை மாட்டியவர், இன்னொரு கையைத் தேடிக்கொண்டே கட்டிலில் சாய்ந்துவிட்டார். மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, மாரடைப்பு, வலியே தெரிந்திருக்காது என்றார். எல்லா வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள் போலிருக்கிறது.

அம்மா தலைமாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். நேற்றிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. வந்தவர்கள் கட்டிக்கொண்டு அழுதபோது இவள்தான் அவர்கள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "அழுதுடுங்கம்மா, உள்ளயே வச்சுக்காதீங்க" என்று யாரோ சொன்னதற்கு, "சரி" என்றாள். சின்னவளுக்கு அது பயமாக இருந்தது. அம்மா இப்படி உட்கார்ந்தது இது முதல் தடவை இல்லை என்று அவள் கேள்விப்பட்டிருக்கிறாள்.

சின்னவள் என்று அவளை எல்லோரும் கூப்பிட்டாலும் அந்த வீட்டில் அவளுக்கு மூத்ததாக யாரும் வளரவில்லை. ஒரு அண்ணன் இருந்தான். அவள் தவழ்ந்துகொண்டிருந்தபோது, ஆறு வயதில், காய்ச்சலில் போய்விட்டான். ஒரு கால் கொஞ்சம் குட்டையாம். அந்தக் காலுக்கு மட்டும் அடித்தோல் தடித்த பூட்ஸாம். நத்தையை 'வீட்டுக்காரர்' என்றுதான் சொல்வானாம். இவ்வளவும் அத்தை ஒருநாள் பஸ்ஸில் போகும்போது, சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னது. வீட்டில் அந்தப் பேச்சு கிடையாது. அவன் போன வாரமே அவனுடைய துணி, சிலேட்டு, பொம்மை எல்லாவற்றையும் அம்மா யார் யாருக்கோ கொடுத்துவிட்டு, "இனிமே இந்த வீட்டுல அந்தப் பேச்சு வேண்டாம். எடுத்தா நான் இருக்க மாட்டேன்" என்றிருக்கிறாள். அப்பா தலையாட்டியிருக்கிறார். தலையாட்டியவர் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. அண்ணன் எப்படி இருப்பான் என்று சின்னவள் பள்ளியில் படிக்கும்போது ஒருமுறை கேட்டதற்கு, செடிக்குத் தண்ணீர் விடணும் என்று எழுந்து போய்விட்டார். அன்று வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

அத்தை வெளியூரிலிருந்து வந்து சேர வேண்டும். அதுவரை எடுக்க முடியாது. சின்னவள் தேநீர் தம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டு முன்பக்கம் போனாள். பூங்கா ஆட்களில் பலரும் வந்து கும்பிட்டுவிட்டு வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். ரோஜாப் பாத்திகளைப் பார்த்துக்கொள்ளும் ரோஜாக்காரரும், முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு பூச்சிமருந்து அடிக்கும் ஸ்பிரேக்காரனும் மட்டும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். நர்சரி அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். நாலாவது நாற்காலி காலியாக இருந்தது.

சும்மா இருக்கத் தெரியாத கைகள். ரோஜாக்காரர் பக்கத்துத் தொட்டியிலிருந்த செம்பருத்தியின் இலைகளைத் திருப்பித் திருப்பி, அடியில் வெள்ளையாக ஒட்டிக்கிடந்த மாவுப்பூச்சியை விரலால் வழித்துக்கொண்டிருந்தார்.

"சோப்புத் தண்ணி அடிச்சிருந்தாலே போயிருக்கும்," என்றார்.

"அண்ணன் ஊருக்கெல்லாம் வைத்தியம் பாப்பாரு," என்றான் ஸ்பிரேக்காரன். "சொந்த வீட்டுச் செம்பருத்தியப் பாருங்க, மாவு மில்லாட்டம் இருக்கு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரு அடி அடிச்சிட்டுப் போயிருப்பேன்."

"உன் மருந்துக்குப் பூச்சி சாகுதோ இல்லையோ, செடி செத்துரும். அதான் சொல்லல," என்றார் ரோஜாக்காரர்.

மூவரும் மெல்லச் சிரித்தார்கள். சிரித்ததும் வீட்டுப்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் பின்னால் முன்னறையின் சன்னல் திறந்திருந்தது. உள்ளே அம்மாவின் தோளும் பாதி முதுகும் தெரிந்தன.

"மழை வேற ஆரம்பிச்சிருச்சு," என்றாள் நர்சரி அக்கா. "இனிமே நத்தை பொறுக்கப் போனா யாரு கதை சொல்றது?"

"ஏன், ரோஜாக்காரர் சொல்வாரு," என்றான் ஸ்பிரேக்காரன். "அவரோட கப்பல் சமையல்காரன் கதையையே தினமும் சொன்னா, நத்தையெல்லாம் வெறுத்துப்போய் தானா வாளியில வந்து விழும்."

சின்னவள் புரியாமல் பார்த்ததைக் கண்டு ரோஜாக்காரர் விளக்கினார். மழைக்கு மறுநாள் விடியும் முன்பே பாத்திகளில் நத்தை ஏறிவிடும். நாற்றையெல்லாம் மொட்டையடித்துவிடும். மருந்துக்கு அடங்காது, கையால்தான் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போட வேண்டும். நாலு பேர் வரிசையாகக் குனிந்தபடியே ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போவார்கள். முதுகு விட்டுப்போகும். அந்த அலுப்பு தெரியாமல் இருக்க அப்பா ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஆளுக்கொரு முறை, சின்ன வயதில் படித்த புத்தகத்தை நினைவிலிருந்து சொல்ல வேண்டும்.

"எனக்குக் கப்பல் சமையல்காரன் கதை. கப்பல் பூரா எலி. அதுல எலிக்கெல்லாம் பேர் இருக்கும், அதுக்கே அவ்வளவு பிடிக்கும்," என்றார். "இவ பலூன் விக்கிற பொண்ணு கதை சொல்வா. இவன் சொல்றது துப்பறியும் தையல்காரர். எங்க கதையெல்லாம் ஒரு வாளி நிறையறதுக்குள்ள முடிஞ்சுரும். உங்கப்பா கதைதான் பாப்பா, வருஷக்கணக்கா முடியவே இல்ல."

"அப்பா புத்தகம் படிச்சு நான் பார்த்ததே இல்லையே," என்றாள் சின்னவள்.

"சின்னப் பிள்ளையில படிச்சதாம். பழைய புத்தகக் கடையெல்லாம் நாங்க தேடிட்டோம்," என்றான் ஸ்பிரேக்காரன். "என் பையனுக்கு வாங்கிக் கொடுக்கலாம்னு. கடைக்காரன் பேர் கேக்குறான். அண்ணனைக் கேட்டா, அட்டை கிழிஞ்ச புத்தகம்ப்பா, பேர் ஞாபகம் இல்லம்பாரு. வீட்டுல இருக்குமாங்க? பார்த்துக் கொடுத்தா, கடைசிப் பக்கத்த மட்டும் படிச்சிட்டுத் திருப்பிக் கொடுத்துருவேன்."

"என்ன கதை?"

"ஒரு பையனுக்குக் கடுமையான காய்ச்சல். ராத்திரி தூங்கினவன் காலையில வேற ஊருல முழிச்சுக்கிறான். அதான் ஆரம்பம்," என்றாள் நர்சரி அக்கா. சொல்லும்போது அவள் குரலே கொஞ்சம் மாறியது. அந்த ஏற்ற இறக்கம் அப்பாவுடையது. "பையனுக்குப் பேர் கிடையாது. பெரியவன், அவ்வளவுதான். வீட்டுக்கு வழி தெரியல. ஒரு கடிகாரம் ரிப்பேர் பண்றவர் எடுத்து வளக்குறாரு. ஒரு கால் குட்டை அவனுக்கு. அதனால தடி பூட்ஸ். வருஷா வருஷம் கால் வளர வளர, கடிகாரக்காரர் அந்த பூட்ஸுக்கு அடித்தோல் மாத்திக் கொடுப்பாரு. அது ஒரு அத்தியாயம் கண்ணு, எனக்கு அழுகையே வந்துருச்சு."

சின்னவள் தேநீர்த் தட்டைக் காலி நாற்காலியில் வைக்கப் போனாள். ஏனோ வைக்கவில்லை. கீழே வைத்தாள்.

"குழந்தைப் புத்தகத்துல எந்த ஹீரோவுக்காவது மூக்குக் கண்ணாடி வருமா? இவனுக்குப் போன மழைக்கு வந்துச்சு," என்று ஸ்பிரேக்காரன் சிரித்தான். "கல்யாணம் ஆச்சு. காதோரம் நரைச்சுது. நான்கூடக் கேட்டேன், என்னண்ணே, அடுத்து மூட்டுவலி வருமான்னு. வரட்டும்ப்பா, வயசானா வரத்தானே செய்யும்னு சொன்னாரு. அவ்வளவு சந்தோஷமாச் சொன்னாரு."

சின்னவளுக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, பொறாமை. தனக்கு ஒரு அண்ணன் வளர்ந்துகொண்டிருந்திருக்கிறான். படித்து, வேலை கற்று, கல்யாணம் செய்து, கண்ணாடி போட்டிருக்கிறான். அந்த அண்ணனைத் தனக்குக் காட்டாமல், வாளியும் கையுமாக நின்ற இந்த மூன்று பேருக்கு அப்பா காட்டியிருக்கிறார். இவர்கள் அவனைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுகிறார்கள். இவளுக்குத் தெரிந்ததோ ஒரு பஸ் பயணத்தில் கேட்ட இரண்டு மூன்று விஷயம். அந்தக் கோபம் அடங்கும் முன்பே அடுத்த பயம் வந்தது. சன்னல் திறந்திருக்கிறது.

அவள் திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் முதுகு அசையவில்லை.

"மெதுவா பேசுங்க," என்றாள். "அந்தப் புத்தகம்... வீட்டுல இல்ல. எப்பவோ தொலைஞ்சு போச்சு."

"அடடா," என்றார் ரோஜாக்காரர். அவர் முகம் நிஜமாகவே வாடிவிட்டது. "கடைசியா ரொம்ப இக்கட்டான இடத்துல நிறுத்திட்டாரு பாப்பா. முந்தாநாள் காலையில. பெரியவன் எப்படியோ வழியக் கண்டுபிடிச்சு சொந்த வீட்டு வாசலுக்கே வந்துட்டான். கதவு சாத்தியிருக்கு. பெல் அடிக்கலாமா வேண்டாமான்னு நிக்கிறான். இந்த வீட்டுல என்னைப் பத்தி யாரும் பேசுறதே இல்லையே, நான் வந்தது அவங்களுக்குப் பிடிக்குமோ பிடிக்காதோன்னு யோசிக்கிறான். அதுக்குள்ள வாளி நிறைஞ்சுருச்சு. மீதி நாளைக்குன்னு சொல்லிட்டு உங்கப்பா நிமிந்துட்டாரு."

தெருவில் ஒரு சைக்கிள் போனது.

"பெல் அடிச்சானா இல்லையான்னாவது தெரிஞ்சா போதும்," என்றான் ஸ்பிரேக்காரன். "நேத்துலேர்ந்து அவன் அங்கேயே நிக்கிற மாதிரி இருக்கு."

"பெல் அடிக்க மாட்டான்."

குரல் சன்னலிலிருந்து வந்தது. அம்மா எழுந்து வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்னவள் "அம்மா" என்றாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை. ரோஜாக்காரரைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அவனுக்கு பெல் எட்டாது. முன்பக்கமா வரவும் மாட்டான். அந்த பூட்ஸு முழுக்கச் சேறா இருக்கும். கூடத்துல மிதிச்சா நான் திட்டுவேன். அதனால சுத்திக்கிட்டுப் பின்பக்கமாத்தான் வருவான். ஆளு வர்றதுக்கு முன்னாடி சத்தம் வரும். டொக்குனு ஒண்ணு, மெத்துனு ஒண்ணு."

ரோஜாக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். கையில் ஒட்டியிருந்த மாவைத் துடைக்கக்கூட மறந்துபோனார்.

"நீங்களும் படிச்சிருக்கீங்களாம்மா?" என்று கேட்டான் ஸ்பிரேக்காரன். நர்சரி அக்கா அவன் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். அவளுக்கு விளங்கிவிட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே பார்த்தாள், சட்டைக்கு மேல் ரோஜாக்களோடு கிடந்த மனிதரைப் பார்த்தாள்.

"எந்தக் கால்னு சொன்னாரு?" என்று அம்மா கேட்டாள்.

"இடது கால்னு சொன்னாரு," என்றாள் நர்சரி அக்கா.

"இடதுதான்," என்றாள் அம்மா. "நரைச்சிருச்சா?"

"காதோரம் மட்டும்தாம்மா."

"அவங்க அப்பாவுக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது," என்றாள் அம்மா. அவள் கண்ணில் தண்ணீர் நிற்பதைச் சின்னவள் அப்போதுதான் பார்த்தாள். அம்மா அதைத் துடைக்கவில்லை. அது தன்னுடையது இல்லை என்பதுபோல அதன் பாட்டுக்கு விட்டுவிட்டாள்.

"உள்ள வாங்க ரெண்டு பேரும்," என்று ஆண்கள் இருவரிடமும் சொன்னாள். "ஒரு சாமானை நகத்தணும்."

சமையலறையின் பின்சுவரை ஒட்டி ஒரு பெரிய மர அலமாரி நின்றது. சின்னவளுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது. அதன் பின்னால் ஒரு கதவு இருப்பது அவளுக்குத் தெரியும், வெளியிலிருந்து பார்த்திருக்கிறாள். இடம் போதாமல்தான் அலமாரியை அங்கே போட்டிருக்கிறார்கள் என்று நினைத்திருந்தாள். அம்மா பாத்திரங்களை ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுக்க, சின்னவள் வாங்கித் தரையில் வைத்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமலே வேலை செய்தார்கள். ரோஜாக்காரரும் ஸ்பிரேக்காரனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அலமாரியை இழுத்தார்கள். பின்னால் சிலந்திவலையும், வெயிலே படாத ஒரு பச்சைச் சுவர்த்துண்டும், துருவேறிய தாழ்ப்பாளும் இருந்தன.

"அண்ணனைப் பின்பக்கமா எடுத்துட்டுப் போகணுமாம்மா?" என்று ஸ்பிரேக்காரன் மெல்லக் கேட்டான்.

"இல்ல. அவரு முன்பக்கமாவே போகட்டும்."

தாழ்ப்பாள் வரவில்லை. சின்னவள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து ஊற்றினாள். ரோஜாக்காரர் குழவியால் இரண்டு தட்டு தட்டினார். கதவு உப்பிப்போயிருந்தது, தோள் கொடுத்துத் தள்ளியதும் கீச்சென்று திறந்தது. ஈரமண் வாசனை உள்ளே வந்தது. மழைத் தண்ணீர் தேங்கிய பின்முற்றமும், மதிலும், மதிலோரம் ஒற்றையடியாகச் சுற்றி வரும் வழியும் தெரிந்தன. யாரும் அதில் வரவில்லை.

"அப்படியே இருக்கட்டும், சாத்த வேண்டாம்," என்று அம்மா சொல்லிவிட்டு, திரும்பவும் அப்பாவின் தலைமாட்டுக்குப் போய் உட்கார்ந்தாள்.

மற்றவர்களும் அவள் பின்னால் போனார்கள். சின்னவள் மட்டும் வாசற்படியில் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, வழியில் நிற்கிறோம் என்று தோன்றி, கொஞ்சம் ஒதுங்கி நின்றாள்.