காஸ்பியன் எப்போது வற்றும்

என் ஆராய்ச்சியை எங்கள் வீட்டில் யாரும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. கடலூரில் கண்ணெதிரே கடலை வைத்துக்கொண்டு, எங்கேயோ நிலத்துக்கு நடுவில் கிடக்கும் காஸ்பியன் கடலை அளக்கிறவளை எந்த அப்பாதான் மெச்சுவார்? செயற்கைக்கோள் அனுப்பும் அலை நீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து, மட்டம் ஏறியதா இறங்கியதா என்று கணக்குப் போடுவது என் வேலை. அதை ஆசையாகக் கேட்ட ஒரே ஆள், சிதம்பரத்தில் நான் மாடியில் குடியிருந்த வீட்டுக்கார அம்மா அமீனா பீவிதான்.

அவருடைய மகன் ஜாபிர் அந்தக் கடலில்தான் போனான். எண்ணெய்க் கம்பெனிக் கப்பல் ஒன்றில் சமையல்காரன். 2010 கடைசியில் புயலில் தவறி விழுந்தவனின் உடல் கிடைக்கவேயில்லை. உடல் இல்லாமலே, இறந்தவருக்கான ஜனாஸா தொழுகை வைத்துவிடலாம் என்று பள்ளிவாசலில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். அமீனா பீவி மசியவில்லை. மருமகள் அல்மாஸை, விதவை தனித்திருக்கும் இத்தா இருக்க விடவும் இல்லை.

என்னைப் பார்க்கும்போதெல்லாம், "தண்ணி கொறையுதாம்மா?" என்பார்.

"கொறையுதும்மா" என்பேன். உண்மையும் அதுதான். என் வேலையை விசாரிக்க ஒருத்தராவது இருக்கிறாரே என்று எனக்குப் பெருமை வேறு.

மறு கோடையில் ஒருநாள் டீயோடு மாடிக்கு வந்தார்.

"எப்பம்மா வத்தும்?"

"எது?"

"அந்தக் கடலு. எங்க லால்பேட்டையில வீராணம் ஏரி வத்துனா தரை தெரியும். முழுகுன தோணி, தவறுன கொடம் எல்லாம் அங்கங்க கெடக்கும். அப்புடித் தெரியறப்ப எம்புள்ளய எடுத்தாந்துடலாம்ல? நீதான் மேலேர்ந்து பாக்குறியே, ஒரு வார்த்த சொல்லு வித்யா."

ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் வரவில்லை.

"வருஷத்துக்கு நாலு வெரக்கட எறங்குனா ஜாஸ்திம்மா. ஆழம்னு பாத்தா, நம்மூரு கோபுரத்த ஒண்ணு மேல ஒண்ணா இருபது வெச்சாலும் முழுகிடும். அது வத்தாதும்மா. மேலேர்ந்து தண்ணி மட்டந்தான் தெரியும், ஆளு தெரியாது."

அவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படி இறங்கினார். விழுந்துவிடுவாரோ என்று நானும் பின்னாலேயே போனேன்.

கீழே அல்மாஸ் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அமீனா பீவி பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய ஈரக்கையைப் பிடித்துக்கொண்டார்.

"பள்ளியில தொழுக வெச்சுடச் சொல்றேன். நீ கல்யாணத்துல கட்டுன அந்தக் கருகமணியக் கழட்டிடும்மா" என்றார்.