தொலையாத பந்து

கோல்ஃப் மைதானத்தின் நாலாவது குழியில் என் பந்து கல்சுவரின் உச்சியில் மோதித் தெறித்தது. அந்தக் குழியை முடித்துக் கையில் எடுத்துப் பார்த்தபோது அதன் மேல்தோலில் நக நீளத்துக்கு ஒரு கீறல் இருந்தது. கட்டைவிரலால் தடவினால் சொரசொரத்தது. அடுத்த குழிக்கு வேறு பந்து எடுத்திருக்கலாம். ஆனால் இந்த அளவு கீறல் பந்தின் போக்கைக் கெடுக்காது என்று எனக்குத் தெரியும். அதையே ஆடினேன். ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது குழிகளிலிருந்து எடுத்தபோதெல்லாம் கீறல் அங்கேயே இருந்தது. எட்டாவது குழிக்குப் பக்கத்தில் பந்தைத் துடைக்க எடுத்தேன். கீறல் இல்லை.

சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். மூன்றாம் எண், அதன் கீழே நான் பேனாவால் வைக்கும் பச்சைப் புள்ளி. எல்லாம் என் பந்துதான். கீறல் மட்டும் ஆறியிருந்தது.

இருபத்தேழு வருடம் எடை அளவு ஆய்வாளராக வேலை பார்த்தவள் நான். மோரே கடற்கரையின் மீன் சந்தைகள், இறைச்சிக் கடைகள், பெட்ரோல் பம்புகள் எல்லாவற்றுக்கும் போய்த் தராசையும் மீட்டரையும் சோதித்து முத்திரை வைப்பேன். அந்த வேலை சொல்லித்தரும் பாடம் ஒன்றுதான்: குறைந்தது எதுவானாலும் எங்கோ போயிருக்க வேண்டும், கூடியது எதுவானாலும் எங்கிருந்தோ வந்திருக்க வேண்டும். அதனால் பையைத் திறந்து எண்ணினேன். காலையில் மூன்று உபரிப் பந்துகள் போட்டிருந்தேன். மூன்றும் இருந்தன.

"என்னடி, பந்துக்கு முத்தம் குடுக்கப் போறியா? அடி, குளிருது," என்றாள் ஐலீன்.

ஐலீன் மெல்ட்ரம் ஊரில் ரொட்டிக்கடை வைத்திருக்கிறாள். எங்கள் பழக்கமே அவள் கடைத் தராசால் வந்தது. தராசு தனக்குச் சாதகமாகப் பத்து கிராம் காட்டுகிறது என்று அவளே அலுவலகத்துக்குப் போன் செய்து என்னை வரச் சொன்னாள். என் வேலைக்காலம் முழுவதிலும் அப்படிக் கூப்பிட்ட கடைக்காரி அவள் ஒருத்திதான். அன்றிலிருந்து இருபத்திரண்டு வருடம் சனிக்கிழமைதோறும் சேர்ந்து ஆடுகிறோம்.

ஏப்ரலிலிருந்து என்னைக் காரில் கூட்டி வருவதும் அவள்தான். எனக்கு இனி கார் ஓட்ட அனுமதி கிடையாது. போன அக்டோபரில், மாடு தாண்டாமலிருக்கச் சாலையில் பதித்த இரும்புக் கம்பிகள் மழையில் நனைந்திருந்தன. என் சைக்கிள் அதில் வழுக்க, பின்மண்டை கல்தூணில் மோதியது. கண்கள் இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் கண் எடுக்கும் படத்தைப் பிரித்துப் படிக்கும் இடம் மண்டையின் பின்புறத்தில் இருக்கிறது. அதன் இடது பாதி செத்துவிட்டது. இடது பாதி படிப்பது உலகத்தின் வலது பாதியை. ஆகவே எந்தக் கண்ணை மூடினாலும் எதைத் திறந்தாலும் வலது பக்கம் எனக்கு இல்லை. இருட்டாகத் தெரியுமா என்று கேட்கிறார்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் இருட்டாகவா தெரிகிறது? அங்கே ஒன்றுமே இல்லை, அவ்வளவுதான். எனக்கும் அப்படித்தான்.

கோல்ஃபில் நின்றுகொண்டிருக்கும் பந்தை அடிப்பதால் அடிப்பதில் எனக்குச் சிக்கலில்லை. சிக்கல் அடித்த பிறகு. பக்கவாட்டில் நின்று அடிக்கிறோம். பந்து போகும் திசை எனக்கு இடப்பக்கம். அடித்துவிட்டுத் தலையைத் திருப்புகிறேன். நான் பார்க்கும் நேர்கோட்டுக்கு இடதில் பந்து போனால் தெரிகிறது. வலதில் வளைந்தால், கோட்டைத் தாண்டிய நொடியில் அது இல்லாமல் போகிறது. எங்கள் மைதானத்தின் வலது ஓரம் முழுக்க மஞ்சள் பூப் பூக்கும் முட்புதர்.

அதனால் பந்து எங்கே விழுந்தது என்று ஐலீன் பார்த்துச் சொல்வாள். என் ஸ்கோர் கார்டை எழுதிக் கையெழுத்துப் போடுவதும் அவள்தான். எங்களில் ஒருவர் கணக்கை இன்னொருவர் எழுதுவதுதான் முறை. ஏப்ரல் முதல் ஜூன் வரை மூன்று போட்டிகளின் கார்டுகளைக் கொடுத்திருந்தேன். விபத்துக்கு முன் என் ஹேண்டிகேப், அதாவது ஓர் ஆட்டத்தில் நிர்ணயித்த அளவுக்கு மேல் நான் எடுக்கும் அடிகள், பதினான்கு. இப்போது பதினைந்து. பாதி உலகம் போனதற்கு ஒரே ஒரு அடிதான் நஷ்டம். இதை மருத்துவரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்பட்டு என் கோப்பில் எழுதிக்கொண்டார். வேலை போய்விட்டது, வண்டி போய்விட்டது, புத்தகத்தில் வரியின் முடிவு காணாமல் போகிறது. இந்த ஒன்றில் மட்டும் நான் திரும்பி வந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன்.

கீறல் இருந்த பந்தை எட்டாவது குழிக்கான முதல் அடியில் அடித்தபோதே விரல்களில் மந்தமான ஓர் அதிர்வு வந்தது. மட்டைத் தலையின் உட்பக்கத்தில் பட்டால்தான் அது வரும். அப்படிப் பட்ட பந்து வலதில் வளைந்தே தீரும். ஆனால் ஐலீன், "நடுவுல கிடக்கு, போ," என்றாள். நடுவில்தான் கிடந்தது. விபத்துக்குப் பிறகு கையின் சொல்லையும் நம்ப முடியவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாவது குழியில் ஒரு சோதனை வைத்தேன். அடிக்கும் முன், அவள் தன் மட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பந்தின் சின்னப் பள்ளங்களில் ஒன்றுக்குள் பென்சில் முனையை அழுத்திக் கறுப்பாக்கினேன். பிறகு அடித்தேன். விரலில் அதே அதிர்வு. ஐலீன் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள்.

"அதிர்ஷ்டக்காரிடி நீ. புல்லுல வந்து நிக்குது பாரு."

குனிந்து பந்தை எடுத்தேன். ஆட்டத்தின் நடுவில் அப்படி எடுக்கக் கூடாது. அவள் முகம் மாறியது.

"ஐலீன், நான் அடிச்ச பந்து எங்க?"

"கையில வச்சுக்கிட்டே கேக்குற."

"இது நான் அடிச்சது இல்ல."

"மூணாம் நம்பர், பச்சைப் புள்ளி. வேற எவளோடதாம்? நாய் கொண்டாந்து போட்டுச்சா?"

"நான் அடிச்சதுல பென்சில் குறி இருக்கு."

பின்னால் ஆடி வந்த இருவர் எங்களை எட்டிவிட்டார்கள். ஃபிலிஸ் இம்ரி, எப்போதும் அவசரத்தில் இருப்பவள், தள்ளுவண்டியை நிறுத்தினாள்.

"என்னம்மா, நடு மைதானத்துல மாநாடா? எங்களுக்கு மத்தியானச் சாப்பாடுன்னு ஒண்ணு இருக்கு."

"நீங்க முன்னாடி போங்க ஃபிலிஸ்," என்றாள் ஐலீன். "ரோனாவோட பந்தைத் தேடணும்."

"அவ கையிலதானே இருக்கு?"

ஃபிலிஸ் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"எத்தன?" என்று கேட்டேன்.

"அது எதுக்கு இப்ப?"

"ஒரு ஆட்டத்துக்கு எத்தன பந்து மாத்துன?"

"மொத நாள் பதினொண்ணு." கோட்டுப் பைக்குள் இருந்த கையை அவள் வெளியே எடுக்கவில்லை. "இப்ப நாலு, அஞ்சுதான். நெசமாத்தான் சொல்றேன். நீ தேறிக்கிட்டு வர்றடி."

என்னை ஆறுதல்படுத்தத்தான் அதைச் சொன்னாள். அவள் சொன்னதிலேயே என்னை அதிகமாக உடைத்தது அதுதான்.

இவள் யார் என்பதை நான் சொல்ல வேண்டும். ஒன்பது வருடம் முன்பு மகளிர் கோப்பையின் இறுதி ஆட்டத்தில், புதர் ஓரத்தில் மட்டையை வைக்கும்போது தன் பந்து ஒரு மயிரிழை அசைந்தது என்று அவளே கையைத் தூக்கினாள். யாரும் பார்க்கவில்லை. அந்த ஒரு அடித் தண்டனையால் கோப்பை போனது. அப்படிப்பட்டவள் டஜன் டஜனாகப் பந்து வாங்கி, சமையலறை மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றிலும் என் பச்சைப் புள்ளியை வைத்திருக்கிறாள்.

"ஏன்டி?"

"ஏப்ரல்ல மொத நாள் ரெண்டாவது குழியில பந்து தொலைஞ்சப்ப நீ என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா? மட்டையெல்லாம் வித்துடறேன்னே. உன் மூஞ்சியப் பாத்தேன். உனக்குப் பரிசா குடுக்கப் புள்ளி வச்சு எடுத்தாந்த பந்துப் பைக்குள்ள கை தானா போச்சு. அன்னிக்கு ஒரு நாள்தான்னு நெனச்சேன். அடுத்த குழியில நீ சிரிச்ச. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து அன்னிக்குத்தான் சிரிச்ச." மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "நீ நிறுத்திட்டா நான் யாரோட ஆடுவேன்? ஃபிலிஸோடயா?"

தொலைந்த பந்தைத் தேட விதி தருவது மூன்று நிமிடம். என் விரல்கள் சொன்ன இடத்தில், வலப்பக்க முட்புதரில், இருவரும் தேடினோம். நான் தலையை வலதுக்கு வலதாகத் திருப்பித் திருப்பித் தேடினேன். கையெல்லாம் முள் கீறியது. பந்து கிடைக்கவில்லை. என் கார்டில் பன்னிரண்டாவது கட்டத்தை ஐலீன் காலியாக விட்டாள். மைதானத்தைக் குறுக்கே கடந்து கார் நிற்கும் இடத்துக்கு நடந்தோம்.

திங்கட்கிழமை கிளப் செயலாளரிடம் போகலாம் என்று இருந்தேன். என்ன சொல்வது என்று இரண்டு நாள் யோசித்து வைத்திருந்தேன். தேவைப்படவில்லை. சனிக்கிழமை மாலையே ஐலீன் போய்த் தானாகச் சொல்லிவிட்டாள். ஒரு வருடம் அவள் எந்தப் போட்டியிலும் ஆடக் கூடாது. மகளிர் அணித் தலைவர்கள் பெயர்ப் பலகையிலிருந்து அவள் பெயரைக் கழற்றினார்கள். என் மூன்று கார்டுகளையும் அடித்துவிட்டார்கள். பதினைந்து என்ற எண், எடை குறைந்த படிக்கல்லுக்கு நானே வைத்த முத்திரை மாதிரி, மருத்துவரின் கோப்பில் மட்டும் நின்றது.

உண்மையான எண் என்னவென்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஜூலையில் ஒரு காலை, பன்னிரண்டு பந்துகளுடன் பேருந்தில் தனியாகப் போனேன். ஒன்பதாவது குழியை எட்டுவதற்குள் பன்னிரண்டும் தொலைந்துவிட்டன. அடிகள் மோசமில்லை. பாதிக்கு மேல் நேராகவே போயிருக்க வேண்டும், விரல்கள் அப்படித்தான் சொல்லின. ஆனால் நல்ல புல்லில் விழுந்த பந்தைக்கூட, எங்கே விழுந்தது என்று பார்க்காதவள் கண்டுபிடிக்க முடியாது. ஒன்பதாவது குழிக்கு முதல் அடி அடிக்கும் மேடையின் பெஞ்சில், அடிக்க ஒன்றும் இல்லாமல், மட்டையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். தாண்டிப் போன ஒருவர் தொப்பியைத் தொட்டு வணங்கிவிட்டுக் கடலைப் பார்ப்பதுபோல் போனார். என் ஆட்டம் முடிந்துவிட்டது என்பது மருத்துவமனையில் எனக்குப் புரியவில்லை. அந்தப் பெஞ்சில்தான் புரிந்தது.

ஆகஸ்டில் ரொட்டிக்கடைக்குப் போனேன். ஏழு வாரம் நாங்கள் பேசியிருக்கவில்லை.

"ரெண்டு பிரைடி."

"வெங்காயம் வச்சதா, வெறும் கறியா?" அவள் கறி அடைத்துச் சுட்ட ரொட்டிகளின் தட்டிலிருந்து நிமிராமல் கேட்டாள்.

"வெங்காயம். சாயங்காலம் வர்றியா?"

"எனக்குத் தடை. மறந்துட்டியா? ஊரே மறக்கல."

"போட்டி இல்ல. சும்மா. ஒரே பந்துதான்."

அவள் இடுக்கியைக் கீழே வைத்தாள். "உன்னோடதா, என்னோடதா?"

"ரெண்டு பேரோடதும். ஒரு அடி நீ, ஒரு அடி நான். எனக்குன்னு இனிமே பந்து இல்ல ஐலீன். நான் எண்ணிப் பாத்துட்டேன்."

அவள் வெகுநேரம் காகிதப் பையின் வாயை மடித்துக்கொண்டே இருந்தாள். "ஆறரைக்கு வரேன்," என்றாள்.

இப்போது இப்படித்தான் ஆடுகிறோம். ஒற்றைப்படைக் குழிகளில் மேடையிலிருந்து நான் அடிக்கிறேன். அதற்கு முன்பே ஐலீன் நூற்றைம்பது கஜம் முன்னால் நடந்து, பந்து விழும் இடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறாள். தனக்கென்று அடிக்கப் பந்து இல்லாததால் அவளால் அங்கே போய் நிற்க முடிகிறது. புல்லில் விழுந்தால் ஒரு கையைத் தூக்குகிறாள். புதருக்குள் போனால் இரண்டு கைகளையும் தூக்குகிறாள். மூன்று நிமிடம் தேடுகிறோம். கிடைக்காவிட்டால் அவள் மேடைக்குத் திரும்பி நடந்து வந்து, தண்டனையோடு அடுத்த அடியை அடிக்க வேண்டும். தொலைவது அவள் பந்தும்தான், கூடுவது அவள் கணக்கும்தான். எனக்காக ஐலீன் ஏமாற்றுவாள். தனக்காக ஒருநாளும் ஏமாற்றமாட்டாள். பந்து ஒன்றாக இருக்கும்வரை எனக்காக ஏமாற்றுவது தனக்காக ஏமாற்றுவதாகிவிடுகிறது. ஆகவே அவள் கைகள் இப்போது உண்மையைச் சொல்கின்றன. நேற்று ஆறு முறை இரண்டு கைகளும் உயர்ந்தன.