பதினேழாம் நம்பர் மான்

ரெய்னோ காந்தோலா இருபத்தேழு வருடத்தில் ஒரு மானைக்கூடத் தவறவிட்டதில்லை. இதை நான் சொல்லவே வேண்டாம், அவனே சொல்லிவிடுவான். தேவாலயத்தில் பிரார்த்தனைக்கு நடுவில் பாதிரியார் மூச்சு வாங்கும் இடைவெளியில்கூடச் சொல்லியிருக்கிறான்.

எங்கள் வடகரை வில்லாளர் சங்கத்தில் ஒரு வழக்கம். மான் மீது அம்பு விட்டுவிட்டு, மான் இல்லாமல் திரும்பினால், சட்டையின் பின்வாலைக் கத்தரித்து, பெயரும் தேதியும் எழுதி, சங்கக் கூடத்துச் சுவரில் ஆணியடித்துவிடுவார்கள். என் பெயரில் பதினோரு துண்டு தொங்குகிறது. எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்தால் சுப்பீரியர் ஏரிக்கே போர்வை போர்த்தலாம். மிச்சத் துணியில் எனக்கு ஒரு பாவாடையும் தேறும். சங்கத் தலைவன் ரெய்னோவின் சிவப்புக் கட்டம் போட்ட சட்டை மட்டும் வாங்கிய அன்று இருந்தபடியே முழு வாலோடு இருந்தது.

மானுக்காக மேலே ஒளிந்து உட்காரும் பரண்களில் தனக்கு வேண்டியதை வால் அறுபடாதவர்தான் முதலில் தேர்ந்தெடுப்பார். அதனால் பழைய தோட்டத்து ஆப்பிள் பரண் இருபத்தேழு வருடமாக அவன் சொத்து. மற்ற பரண்களுக்கெல்லாம் நெட்டுக்குத்தான ஏணி. ஆப்பிள் பரணுக்கு மட்டும் கைப்பிடி வைத்த படிக்கட்டு, எட்டே படி. தன் சௌகரியத்துக்காக அவனே செய்து வைத்தது.

என் தலைவலி அங்கேதான் ஆரம்பம். இருபத்தொன்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியதில் என் முழங்கால்கள் இரண்டும் தேய்ந்துபோய், இப்போது உள்ளே இருப்பது உலோகம். படி ஏறலாம், ஏணி கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இரண்டு பருவமாகத் தரையில் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து பார்த்தேன். மான்கள் மூன்று மைல் தூரத்திலேயே என்னை மோப்பம் பிடித்து, வேறு மாவட்டத்துக்குக் குடிபோயின. சங்க விதிப்படி தொடர்ந்து மூன்று பருவம் வெறுங்கையோடு வந்தால், சங்கத்தில் நம் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். காத்திருப்போர் பட்டியலில் நாற்பது பேர். எனக்கு இது மூன்றாவது பருவம்.

கோடையிலேயே ரெய்னோவிடம் கேட்டேன். இரண்டே நாள் பரணை மாற்றிக்கொள்ளலாமா என்றேன். பள்ளியில் எனக்கு மூன்று வகுப்பு கீழே படித்தவன், மூக்கு ஒழுகிய காலத்திலிருந்து தெரியும். நெஞ்சில் கை வைத்துச் சொன்னான்.

"லெம்பி, உனக்காக உயிரக்கூடக் குடுப்பேன். பரண மட்டும் கேக்காத."

அக்டோபர் முதல் தேதி வந்தது. விடிவதற்கு முன்பே அவரவர் இடத்தில் போய் உட்கார்ந்தோம். வாளியிலிருந்து நான் பார்த்த ஒரே உயிர் ஒரு அணில், அதுவும் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டது. ஏழரை மணிக்கு ரெய்னோவிடமிருந்து சங்கத்தார் எல்லோருக்கும் கைபேசியில் ஒரு குரல் செய்தி. ரகசியமாகக் கிசுகிசுக்கிறானாம், பக்கத்து ஊர் வரை கேட்டிருக்கும். பனிமூட்டத்துக்குள் ஒரு கொம்பு மான் நின்றதாம். இருபது தப்படி தூரம். தோளுக்குப் பின்னால் நேராக இதயத்தில் போட்டானாம். அம்பு அவ்வளவு சுத்தமாக இறங்கியதில் மான் விழக்கூட மறந்து அப்படியே நிற்கிறதாம். எல்லோரும் வந்து பாருங்கள் என்றான்.

அம்பு விட்டபின் அரை மணி நேரம் கீழே இறங்கக்கூடாது என்பது எங்கள் பழக்கம். அடிபட்ட மானை விரட்டிவிடக் கூடாதே. ஒழுங்கு தவறாத ரெய்னோ அந்த அரை மணி நேரமும் பரணில் உட்கார்ந்து, நின்றுகொண்டே செத்த தன் மானை ரசித்திருக்கிறான்.

நாங்கள் ஒன்பது பேர் போய்ச் சேர்ந்தபோது பனி விலகிக்கொண்டிருந்தது. இடுப்பளவு புல்லுக்கு நடுவில் மான் கம்பீரமாக நின்றது. தோளுக்குப் பின்னால் அம்பு. தொடையில் வெள்ளைப் பெயிண்டில் பதினேழு.

சங்கச் செயலாளர் ஆர்டிஸ் பெல்கி நடந்துபோய், விரலை மடக்கி அதன் தலையில் கதவைத் தட்டுவதுபோல் தட்டினாள். டொக் என்றது. கோடைக்காலப் பயிற்சிப் போட்டிக்கு நாங்கள் காட்டில் நிறுத்தும் இருபது ரப்பர் மான்களில் ஒன்று. போட்டி முடிந்ததும் அவற்றைச் சேகரிக்கும் பொறுப்பு ரெய்னோவுடையது. இருபதும் கொட்டகையில் பத்திரம் என்று கையெழுத்துப் போட்டவனும் அவனே. மனித வாடை படக்கூடாது, செப்டம்பர் முழுக்க ஒருவரும் தோட்டத்துப் பக்கம் போகக் கூடாது என்று தடை போட்டவனும் அவனே.

நாங்கள் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த காக்கைகள் கிளம்பி நேராகக் கனடா போய்த்தான் இறங்கின. ஒருவன் புல்லில் படுத்து உருண்டான். அவனை எழுப்பப் போனவனும் பக்கத்தில் விழுந்தான்.

ஆர்டிஸ் சட்டைப் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். இருபத்தேழு வருடமாகச் சாணை பிடித்து வைத்திருந்தாள் போல, வெயிலில் அப்படி மின்னியது. ரெய்னோ வெளிறிப்போய், இரண்டு கைகளாலும் பின்பக்கத்தைப் பொத்திக்கொண்டான். குறி தப்பவே இல்லையே என்று முனகினான். மான் எங்கே, அதைக் காட்டு என்று எல்லோரும் கூச்சல் போட்டார்கள்.

அப்போதுதான் எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. வால் அறுபட்டால் அவனுக்குப் போவது அடுத்த வருடத்துச் சலுகைதான். இந்தப் பருவம் முடியும்வரை ஆப்பிள் பரணில் அவனே குந்தியிருப்பான். ஆனால் இதை அவன் எடுத்த மானாக ஒப்புக்கொண்டுவிட்டால்? ஆளுக்கு ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு மான்தான், அதற்கு ஒரே ஒரு ஆரஞ்சுச் சீட்டு. அதை மானின் காதில் கட்டியவர் அன்றே பரணைக் காலி செய்ய வேண்டும். காலியான பரண், சீட்டு மிச்சமிருப்பவர்களில் வயதில் மூத்தவருக்கு. எனக்கு எழுபத்தொன்று. சங்கத்தில் என்னைவிட மூத்தது அந்த ஆப்பிள் மரம்தான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன்.

"ஆர்டிஸ், கத்தரிய உள்ள வை. குறி தப்பினாதானே வாலு? இவன் எங்க தப்பினான்? ரப்பர்ல குறிக்காகப் போட்ட வட்டத்தப் பாரு, நட்ட நடு மையம். இப்படி ஒரு அம்ப என் ஆயுசுல நான் பாத்ததில்ல."

ரெய்னோவின் கண் கலங்கியது. இந்தக் கும்பலில் வில்லைப் பற்றித் தெரிந்தது லெம்பிக்கு மட்டும்தான் என்றான். நான் விடவில்லை. அந்த அம்பின் அழகைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினேன். பனியையும் காற்றையும் அவன் கை நடுங்காததையும் சொன்னேன். இன்னும் ஒரு நிமிடம் பேசியிருந்தால் அந்த இடத்திலேயே அவனுக்குச் சிலை வைத்திருப்பார்கள்.

மான் கிடைத்தால்தான் வால் தப்பும் என்றாள் ஆர்டிஸ்.

"கெடைச்சிருக்கே. இதோ நிக்குது. ஓடிக்கூடப் போகல, பாவம்."

அவள் என்னைப் பார்த்தாள். என் முழங்காலைப் பார்த்தாள். எட்டுப் படிகளைப் பார்த்தாள். உதட்டோரம் லேசாகத் துடித்தது. முகத்தை நீதிபதிபோல் வைத்துக்கொண்டு ரெய்னோ பக்கம் திரும்பினாள்.

"தலைவரே, ஒரே கேள்வி. இது நீங்க எடுத்த மானா, இல்லையா?"

"நான் எடுத்ததுதான்."

"அப்ப சீட்டக் கட்டுங்க."

அவன் மார்பை நிமிர்த்திக்கொண்டு, பதினேழாம் நம்பர் மானின் இடது ரப்பர் காதில் ஆரஞ்சுச் சீட்டைக் கட்டினான். முடிச்சு இறுகும்வரை ஆர்டிஸ் பொறுமையாக இருந்தாள். அப்புறம்தான் விதியை வரிவரியாகப் படித்தாள். ரெய்னோவின் முகம் மெல்ல மெல்ல மாறியது. பரணைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"நீ எனக்காகப் பேசறேன்னு நெனச்சேன், லெம்பி."

"உனக்காகத்தான் பேசினேன். பின்னால தொட்டுப் பாரு, வாலு இருக்கா இல்லையா?"

உண்மையிலேயே தொட்டுப் பார்த்தான். இருந்தது. முதலில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. பிறகு அவன் சிரித்த சிரிப்பில் மிச்சமிருந்த ஆப்பிள்களும் உதிர்ந்தன.

நான்காம் நாள் காலை எட்டுப் படியும் ஏறி, ராணிபோல் உட்கார்ந்திருந்தேன். சூரியன் வந்த கொஞ்ச நேரத்தில் ஒரு பெட்டை மான் புல்லை விலக்கிக்கொண்டு வந்தது. காதை ஆட்டியது. உயிருள்ளதுதான் என்று ஒருமுறைக்கு இருமுறை உறுதிசெய்துகொண்டேன். நாணைக் காதுவரை இழுத்து விட்டேன். அம்பு போன சத்தம்கூடக் கேட்கவில்லை. மான் நாற்பது தப்படி ஓடி, வேலியோரம் சாய்ந்தது. குதிரை அளவு இருந்தது. சாதாரண மான்தான் என்று ரெய்னோ சொல்வான், நம்பாதீர்கள்.

இழுத்து வந்தது அவன்தான். அவன் பருவம்தான் முடிந்துவிட்டதே, வேறென்ன வேலை? பத்தடிக்கு ஒரு தரம் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு என் பூர்வீகத்தையே திட்டினான். இழுத்தவனுக்கு ஈரல் என்பது எங்கள் ஊர்க் கணக்கு. என் வீட்டு அடுப்பிலேயே வெங்காயமும் வெண்ணெயும் போட்டு வதக்கிக் கொடுத்தேன். உப்பு போதவில்லை என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது தட்டுக்கு வந்துவிட்டான்.

அந்த நேரம் தொலைபேசி அடித்தது. காத்திருப்போர் பட்டியலில் முதல் ஆள். என் மான் விஷயம் அதற்குள் அவருக்கு எட்டியிருந்தது. வாழ்த்துகள் என்றார், குரலோ இழவு வீட்டிலிருந்து வந்ததுபோல் இருந்தது. அடுத்த வருடமாவது தனக்கு இடம் கிடைக்க வாய்ப்புண்டா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

என் முழங்கால் இரண்டும் துருப்பிடிக்காத உலோகம், நூறு வருடம் உத்தரவாதம் என்று சொல்லி வைத்தேன்.